வளரிளம் பருவத்துத் திக்கலும் மன அழுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வயது தாண்டிய பிள்ளைகளின் திக்கலைப் பற்றி அப்பா அம்மாக்களும் ஆசிரியர்களும் அந்தப் பிள்ளைகளும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நான் பேச்சுப் பயிற்சி தருபவள், மருத்துவர் அல்ல. மருத்துவரிடம் போக வேண்டிய இடம் எது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு வரை மகன் நன்றாகத்தான் பேசினான். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி மாற்றினோம், திக்க ஆரம்பித்துவிட்டான். மன அழுத்தம்தானே காரணம்?

இப்படிக் கேட்கும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "மூன்று நாலு வயதில் எப்படிப் பேசினான்?" என்றுதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமாம், அப்போது கொஞ்சம் திக்கினான், தானாகச் சரியாகிவிட்டது" என்பார்கள். பாட்டி கூட வந்திருந்தால் பதில் இன்னும் சீக்கிரம் கிடைக்கும்.

திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தொடங்கும். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 5 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வருகிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சில வருடங்களில் போய்விடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவரிடம் தங்கிவிடுகிறது. அந்த ஒருவர் சிறு வயதிலேயே சாமர்த்தியம் பழகிவிடுவார். வராத சொல்லை விட்டு வேறு சொல் போடுவார், யோசிப்பதுபோல் நிறுத்துவார், தெரிந்த பதிலையும் தெரியாது என்பார். பழைய பள்ளியில் இது வெளியே தெரியாமல் போயிருக்கும். புதுப் பள்ளியில் யார் யாரோ பெயர் கேட்கிறார்கள், ஊர் கேட்கிறார்கள். பழைய சாமர்த்தியம் அங்கே செல்லாது.

அதனால் பள்ளி மாற்றம் திக்கலை உண்டாக்கவில்லை, வெளியே கொண்டுவந்திருக்கிறது. பேச்சின் அசைவுகளை நேரம் தவறாமல் கோக்கும் மூளை இணைப்புகள் திக்குபவர்களிடம் சற்று மாறி வேலை செய்கின்றன. பரம்பரையும் ஒரு காரணம். 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கிய ஆய்வின் வழியாக, திக்கலோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை அடையாளம் கண்டார்கள். மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் மன அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா?

நிறையவே உண்டு. விதை வேறு, ஆனால் வளர்ப்பதில் மன அழுத்தத்தின் பங்கு பெரிது. பல்லாவரத்தில் இறங்க வேண்டிய ஒரு பத்தாம் வகுப்புப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் இரண்டு சீட் முன்னால் வரும்போதே அவனுக்கு 'ப' வராது என்று தெரிந்துவிடுகிறது. உதடு இறுகுகிறது, மூச்சு நின்றுவிடுகிறது. "எங்கப்பா?" என்றதும் வாய் மூடியபடியே இருக்கிறது, சத்தம் வரவில்லை. பின்னால் ஒருவர் சிரிக்கிறார். சட்டென்று "மீனம்பாக்கம்" என்று சொல்லி டிக்கெட் வாங்கிவிடுகிறான், மீதித் தூரத்தை நடக்கிறான். மறுநாள் கண்டக்டரைப் பார்த்ததும் பயம் நேற்றைவிட அதிகம்.

பயம் தசையை இறுக்குகிறது, இறுக்கம் சொல்லை அடைக்கிறது, அடைப்பு அவமானத்தைத் தருகிறது, அவமானம் அடுத்த பயத்துக்குத் தீனி. பதின்வயதில் இது வேகமாகச் சுற்றும், ஏனென்றால் அந்த வயதில் மற்றவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் உலகம். மீனம்பாக்கத்தில் இறங்கியது அன்றைக்கு நிம்மதி தந்திருக்கும். ஆனால் பயத்தைக் கெட்டிப்படுத்தியது அந்த நிம்மதிதான். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான் இருக்கும்: இந்த வயதில் திக்கலைவிட, திக்கலை மறைக்கப் படும் பாடுதான் பிள்ளையை அதிகம் அழிக்கிறது.

நாங்கள் திட்டினோம், வீட்டில் சண்டையும் உண்டு. எங்களால்தான் வந்ததா?

இல்லை. 'பெற்றோர் சுட்டிக்காட்டுவதால்தான் திக்கல் வருகிறது' என்ற கொள்கை ஒரு காலத்தில் செல்வாக்கோடு இருந்தது. அதைச் சோதிக்க 1939இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வென்டல் ஜான்சனின் மேற்பார்வையில், மேரி டியூடர் என்ற மாணவி ஒரு அநாதை இல்லத்தில் 22 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். நன்றாகப் பேசிய சில குழந்தைகளிடமும் "உனக்குத் திக்கல் வருகிறது, நிறுத்திக்கொள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் திக்குபவர்களாக மாறவில்லை. ஆனால் சிலர் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள், வகுப்பில் ஒதுங்கினார்கள். விஷயம் வெளியே வந்தபின் 2001இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

திட்டுவதால் திக்கல் வராது. பேச்சு நின்றுபோகும், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வீட்டுச் சண்டை குறைந்தால் பிள்ளைக்கு நல்லது, அதற்குத் திக்கலைக் காரணம் காட்டத் தேவையில்லை. இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன்: அதிகமாகத் திட்டும் அப்பாவுக்கே சில சமயம் சிறு வயதில் திக்கல் இருந்திருக்கும். மகனிடம் அவர் காட்டும் கோபம் பழைய கோபம். அவர் ஒருநாள் உட்கார்ந்து "எனக்கும் இருந்ததுடா" என்று சொல்வது, என்னிடம் ஒரு மாதம் வருவதற்குச் சமம்.

என் மகளுக்குச் சின்ன வயதில் எதுவுமே இல்லை. அவள் அப்பா தவறிய பிறகு திடீரென்று திக்குகிறாள்.

இது வேறு வகை. பெரிய இழப்பு, விபத்து, வன்முறை, பாலியல் தொல்லை போன்றவற்றுக்குப் பிறகு திடீரெனத் தொடங்கும் திக்கல் அரிதாக உண்டு. சாதாரணத் திக்கல் சேர்ந்து படிக்கும்போதும் பாடும்போதும் குறையும். இதில் பல சமயம் அப்போதும் குறையாது. ஆனால் வீட்டிலிருந்தபடி நீங்களே முடிவுகட்ட வேண்டாம். தலையில் அடிபட்டதாலும் நரம்புக் கோளாறாலும் இப்படி வரலாம். வலிப்பு மருந்து, மனநல மருந்து சிலவற்றின் பக்கவிளைவாகவும் வரலாம். முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் நரம்பியல் மருத்துவர். புதிதாக மாத்திரை தொடங்கியிருந்தால் அதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பேச்சுக் குழறலோடு முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் பலமிழப்பது, நினைவு தடுமாறுவது இருந்தால் 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உடல் காரணம் இல்லை என்று தெரிந்தபின், உளவியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்து பார்ப்பார்கள். துக்கத்தைப் பேச இடம் கிடைத்ததும் இந்த வகையில் பேச்சு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்புவதும் உண்டு. "நடிக்கிறாள்" என்ற சொல் மட்டும் வீட்டில் வரவே கூடாது.

"மெதுவாப் பேசு, மூச்சு விட்டுப் பேசு" என்று சொல்லலாமா?

வேண்டாம். அந்தப் பிள்ளை அதை ஆயிரம் முறை கேட்டிருக்கும். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், அது உதவும். சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். சொல் நிற்கும்போது கண்ணை எடுத்துத் தரையைப் பார்க்காதீர்கள்.

தனியாக இருக்கும்போதும் பாடும்போதும் எனக்குத் திக்குவதே இல்லை. வேண்டுமென்றே செய்கிறேன் என்கிறார்கள். (பதினொன்றாம் வகுப்பு மாணவர்)

திக்கலின் இயல்பே அதுதான் தம்பி. பாடும்போது, பத்துப் பேரோடு சேர்ந்து படிக்கும்போது, நாய்க்குட்டியிடம் பேசும்போது, ஏறக்குறைய எல்லாருக்கும் திக்கல் குறைந்துவிடுகிறது. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தாலும் குறையும். பாட்டில் தாளம் வெளியிலிருந்து வருகிறது, அடுத்த சொல்லும் முன்பே தெரியும். நாய்க்குட்டி அவசரப்படுத்துவதில்லை. ஆள் மாறினால் அளவு மாறும், நாள் மாறினாலும் மாறும். நேற்று நன்றாகப் பேசினாய் என்பது, இன்று வேண்டுமென்றே திக்குகிறாய் என்பதற்குச் சாட்சி ஆகாது. இந்தப் பத்தியை வேண்டுமானால் வீட்டில் படித்துக் காட்டு.

வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" வரவே மாட்டேன் என்கிறது. என் பெயரும் அப்படித்தான். ஏன் இந்த இரண்டு மட்டும்?

மாற்ற முடியாத சொற்கள் என்பதால்தான். 'தண்ணீர்' வரவில்லையென்றால் 'குடிக்க ஏதாவது' என்று சொல்லித் தப்பிக்கலாம், பெயருக்கு மாற்று கிடையாது. வரிசையில் நம் முறை நெருங்க நெருங்கப் பயம் ஏறுவது தனி. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லில் அடைப்பு தொண்டைக்குள் விழும். அங்கே தள்ளினால் இன்னும் இறுகும். மூச்சை வெளியே விட ஆரம்பித்துவிட்டு, அதன்மேல் 'உ'வை மெல்ல ஏற்றிப் பார். அது வரும்வரை, கை தூக்கினால் போதும் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

பயிற்சியில் உண்மையில் என்னதான் செய்வார்கள்?

மூன்று வேலைகள் நடக்கும், ஒன்றோடொன்று கலந்து.

முதலாவது, பேச்சை இலகுவாக்குவது. மென்மையாகத் தொடங்குவது, உதட்டையும் நாக்கையும் லேசாகத் தொடுவது, சொற்களைச் சற்று நீட்டி இணைப்பது. இதை மட்டும் செய்தால் அறைக்குள் அழகாக வரும், தெருவில் கழன்றுவிடும். அதனால் இரண்டாவது தேவைப்படுகிறது: திக்கும்போதே அதைக் கையாள்வது. தானும் திக்கியவரான சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்த முறை இது. அந்தப் பல்லாவரத்தையே எடுத்துக்கொள்வோம். 'ப'வில் அடைத்துக்கொண்டது, தள்ளி எப்படியோ சொல்லி முடித்தாயிற்று. ஓடிப்போகாமல் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, உதட்டின் இறுக்கத்தைத் தளர்த்தி, அதே சொல்லை இன்னொரு முறை இலகுவாகச் சொல்வது முதல் படி. இது பழகியதும், அடைத்துக்கொண்டிருக்கும்போதே உதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, 'ப்ப்' என்பதை நீட்டி வெளியே வருவது அடுத்த படி. கடைசியாக, அடைக்கப்போகிறது என்று தெரிந்ததுமே உதட்டை லேசாக வைத்துத் தொடங்குவது. பின்னால் இருந்து முன்னால் வரும் வரிசை. பிள்ளைகள் எல்லாரும் கடைசிப் படியை முதலில் கேட்பார்கள்.

மூன்றாவதுதான் பதின்வயதில் முக்கியம் என்பது என் கணிப்பு: பயத்தை இறக்குவது. ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர் திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறை என்றார். காதில் விழும் திக்கல் மேலே தெரியும் சிறு நுனி, கீழே பயமும் வெட்கமும் ஒளிவதும். ஒரு தாளில் அந்தப் பாறையை வரையச் சொல்வேன். மேலே இரண்டு வரி எழுதுவார்கள், கீழே இடம் போதாது. ஒரு பெண் கீழே எழுதியது: "கேன்டீனில் பிடித்ததை வாங்க மாட்டேன். வாயில் வருவதை வாங்குவேன். மூன்று வருடமாக எலுமிச்சை சாதம்."

அந்தப் பட்டியலிலிருந்து சுலபமானதை எடுத்து ஒவ்வொன்றாக வெளியே போய்ச் செய்வோம். கடைக்குப் போன் செய்து எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்பது, முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்பது, அப்புறம் வேண்டுமென்றே திக்கிக்கொண்டு விலை கேட்பது. இந்தக் கடைசிப் பயிற்சியைச் சொன்னதும் பிள்ளைகள் என்னைப் பைத்தியம்போலப் பார்ப்பார்கள். ஆனால் நாமே திறந்துகாட்டிய விஷயத்துக்கு எவ்வளவு நேரம்தான் பயப்பட முடியும்? கேன்டீன் பெண் புரோட்டா கேட்ட அன்று 'பு' நன்றாகவே திக்கியது. அவள் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கூடவே "எல்லாரும் சிரிப்பார்கள்" போன்ற எண்ணங்களை நடந்ததோடு வைத்துச் சரிபார்க்கும் உளவியல் சிகிச்சையும் உதவும். பதற்றம் மிக அதிகமாக இருக்கும் பிள்ளைக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

மகள் அமைதியான பெண். திக்குவது யாருக்கும் தெரியாது. அப்படியே விட்டுவிடலாமே?

அமைதியா, ஒளிவா என்று பாருங்கள். பெரியவர்களில் நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற அளவில்தான் திக்கல் இருக்கிறது. அதனால் பெண் பிள்ளையிடம் யாரும் தேடுவதுமில்லை. நம் வீடுகளில் பேசாத பெண்ணுக்குப் பாராட்டு வேறு கிடைக்கும். வரன் பார்க்கும்போது தெரிந்துவிடுமோ என்று மறைக்கச் சொல்லும் குடும்பங்களும் உண்டு. பேச வாயெடுத்து நிறுத்துகிறாளா, கடைக்குப் போன் செய்யத் தங்கையை அனுப்புகிறாளா, பேசத் தேவையில்லாத படிப்பாகத் தேடுகிறாளா? அப்படியென்றால் வெளியே தெரியும் திக்கலைவிட இதற்கு உதவி அதிகம் தேவை.

கூழாங்கல், வசம்பு, நாக்கை அறுப்பது?

கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கல் போட்டுப் பழகினார் என்று ஒரு பழங்கதை உண்டு. அதிலிருந்து வந்த வைத்தியம் தொண்டையில் சிக்கும் ஆபத்தைத் தவிர வேறு எதையும் தராது. வசம்பை நாக்கில் தேய்ப்பதால் திக்கல் போகாது. 1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர் திக்கலுக்காக நாக்கையே வெட்டித் தைத்தார். கொஞ்ச காலத்தில் அது கைவிடப்பட்டது. நாக்கின் அடியில் இருக்கும் சவ்வு திக்கலுக்குக் காரணம் இல்லை.

மாத்திரை இருக்கிறதா?

திக்கலுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எந்த மருந்துக்கும் ஒப்புதல் தந்ததில்லை. பதற்றமோ மனச்சோர்வோ கூடவே இருந்தால் அதற்கு மனநல மருத்துவர் மருந்து தரலாம்.

"15 நாளில் பூரண குணம்" என்ற விளம்பரம் பார்த்தோம். போகலாமா?

பதினைந்து நாள் ஒரே அறையில் ஒரே மாதிரி இழுத்துப் பேசினால் யாருக்கும் திக்கல் குறையும். வீடு திரும்பி, பள்ளி திறந்து, வாய்மொழித் தேர்வு வரும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. திரும்பி வந்ததும் பிள்ளை தன்னைத்தான் குற்றம் சொல்லும்: "எல்லாருக்கும் சரியானது எனக்கு ஆகவில்லை" என்று. பணம் போவதைவிட இந்த நஷ்டம் பெரிது. இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். உறுதிமொழி தருபவரைவிட, முதல் நாளே நிறையக் கேள்வி கேட்பவரை நம்பலாம்.

முழுதாகப் போய்விடுமா?

பதின்வயது வரை தங்கிய திக்கல் முழுதாகப் போவது குறைவு. சிலருக்குப் போகிறது. பெரும்பாலோருக்கு அது குறைந்து, இறுக்கம் தளர்ந்து, வாழ்க்கையில் தலையிடாத அளவுக்கு வந்துவிடும். பல மாதங்கள் ஆகும், பரீட்சை நேரத்தில் ஏறும், மறுபடி இறங்கும். "இந்த வாரம் எத்தனை முறை திக்கினாய்?" என்று எண்ணாதீர்கள். "இந்த வாரம் எதையெல்லாம் தவிர்க்காமல் பேசினாய்?" என்று கேளுங்கள்.

நான் வகுப்பாசிரியை. என்ன செய்யட்டும்?

அந்த மாணவரைத் தனியாகக் கூப்பிட்டு, "வகுப்பில் உன்னை எப்படிக் கேட்டால் உனக்குச் சௌகரியம்?" என்று கேளுங்கள். ஒரேயடியாக விட்டுவிடுவதும் தண்டனைதான், வகுப்பு அதைக் கவனிக்கும். வரிசைப்படி கேட்காமல் முன்கூட்டிக் கேட்டால் காத்திருக்கும் வேதனை குறையும். திருக்குறள் ஒப்பிக்கும்போது இன்னொருவரோடு சேர்ந்து சொல்லவிடலாம். செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வரும் தேர்வாளரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கிண்டலை அன்றே நிறுத்துங்கள். திக்குவாய்ப் பாத்திரத்தை வைத்துச் சிரிக்கவைக்கும் சினிமா நகைச்சுவையைப் பார்த்து வளர்ந்த வகுப்பு அது, தானாக நிற்காது.

ஆங்கிலத்தில் இன்னும் அதிகமாகத் திக்குகிறான். தமிழ் வழிக்கு மாற்றலாமா?

பழக்கம் குறைந்த மொழியில் அதிகம் திக்குவது சகஜம். இரண்டு மொழி பேசுவதால் திக்கல் வருவதில்லை. இதற்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

ஹிருத்திக் ரோஷன், ஜோ பைடன் கதைகளைச் சொல்லி ஊக்கப்படுத்தலாமா?

சொல்லலாம், அளவாக. இருவரும் தங்கள் திக்கலைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்கள். பைடன் கண்ணாடி முன் கவிதை ஒப்பித்துப் பழகியதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் பிள்ளையின் காதில் அது "அவர் ஜெயித்தார், நீ ஏன் இன்னும்?" என்று விழலாம். பக்கத்து ஊரில் திக்கிக்கொண்டே மெடிக்கல் ஷாப் நடத்தும் ஒரு அண்ணனைச் சந்திக்கவைப்பது இதைவிடப் பயன். 2008இல் தொடங்கிய தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன், திக்குபவர்களே நடத்தும் சுய உதவிக் குழுக்களின் அமைப்பு. அங்கே திக்கிப் பேசும் பத்துப் பேரை ஒரே இடத்தில் பார்ப்பதே பல பிள்ளைகளுக்குப் புது அனுபவம்.

பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறான், செத்துவிடலாம்போல இருக்கிறது என்கிறான்.

பேச்சுப் பயிற்சி அப்புறம் இருக்கட்டும். இதை மிரட்டல் என்று நினைக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் பேசுங்கள். தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அடியோ துன்புறுத்தலோ காரணம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

எங்கே போவது, முதல் நாள் என்ன கொண்டுபோவது?

18 வயது வரை என்றால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் கேட்டுப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்தாலும் வழி சொல்வார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1960களிலிருந்து நடக்கிறது. தூரம் என்றால் வீடியோ அழைப்பிலும் பயிற்சி செய்யலாம்.

சாப்பிடும்போதோ கிரிக்கெட் பற்றிப் பேசும்போதோ எடுத்த ஐந்து நிமிட வீடியோ ஒன்று எடுத்துப் போங்கள், பிள்ளைக்குத் தெரிந்து எடுத்ததாக இருக்கட்டும். சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, எப்போது தொடங்கியது என்ற விவரம், எந்த இடங்களில் அதிகம் என்று பிள்ளையே எழுதிய ஒரு தாள். பெயர் கேட்டதும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அரை நிமிடம் ஆனாலும் பரவாயில்லை, நாங்கள் காத்திருப்போம்.